பிஎச்பி மூலநிரலை மறைத்து வைத்தல்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

சுங்கை சிப்புட்டில் எங்கள் ஆலயத்தின் உபயப் பதிவு அகப்பக்கத்தைப் பல ஆண்டுகளாகப் பிஎச்பி என்ற நிரல்மொழியிலும், பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளிலும் நடத்தி வருகிறேன். தோட்டங்களை விட்டுக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் குடிபோன குடும்பங்கள் அதன்வழிதான் உபயம் எழுதுகின்றன. அவர்களின் பெயர், நட்சத்திரம், கைப்பேசி எண் எல்லாம் தரவுத்தளத்தில் இருப்பதால், அதைத் திறக்க பிஎச்பி கோப்பில் எழுதியிருக்கும் கடவுச்சொல் வெளியே கசியக் கூடாது என்பதே என் முதல் கவலை.

“தம்பி, வலது கிளிக் செய்தால் நம் நிரலெல்லாம் தெரிகிறதே!” என்று ஆலயச் செயலாளர் ஒருமுறை பதறினார். அவர் கண்டது பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் எச்டிஎம்எல் குறிகளை மட்டுமே. பிஎச்பி வரிகள் சர்வரிலேயே இயங்கி முடிந்து, விளைவு மட்டும் உலாவிக்கு வந்து சேர்கிறது. உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கு இந்த மறைவு கிடையாது.

ஆயினும் இந்த மறைவு சர்வரின் அமைப்பு சரியாக இருக்கும் வரைதான். 2007 ஆகஸ்டில், சர்வர் அமைப்புக் கோளாற்றால் பேஸ்புக்கின் முகப்புப் பக்க நிரலே வெளிப்பட்டது. 2012இல், பிஎச்பியைச் சிஜிஐ முறையில் (சர்வர் அதைத் தனி நிரலாக அழைக்கும் முறை) இயக்கிய தளங்களில், முகவரியின் இறுதியில் கேள்விக்குறி, இடைக்கோடு, எஸ் என்ற எழுத்து ஆகியவற்றைச் சேர்த்தாலே மூலநிரல் திரைக்கு வரும் ஓட்டை அம்பலமானது. எங்களுக்குச் சர்வர் வாடகைக்கு விட்ட நிறுவனம் ஓரிரவு பிஎச்பி பதிப்பை மாற்றியபோது, காலையில் எங்கள் முகப்புப் பக்கம் நிரல் வரிகளை அப்படியே எழுத்தாகக் காட்டியது. கடவுச்சொல் கோப்பை, இணையத்தில் எவரும் அணுகக்கூடிய பொதுக் கோப்புறைக்கு வெளியே, அதற்கு மேல்நிலையில் வைத்திருந்ததால், அந்தக் கோப்பு இருக்கும் பாதை மட்டுமே தெரிந்தது, உள்ளடக்கம் தெரியவில்லை. இத்தனை காலத்தில் எனக்கு மிகவும் கைகொடுத்த ஏற்பாடு இதுவே.

நிரல் எழுதும் எடிட்டர் மென்பொருள்கள் விட்டுச் செல்லும் ‘டாட் பேக்’ (.bak) நகல்களும் பழைய ‘டாட் ஐஎன்சி’ (.inc) கோப்புகளும் பிஎச்பியாக இயங்காமல் வெற்று எழுத்தாகவே வெளியேறக்கூடியவை. ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அந்த முகவரிகளைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்து, 403 (அனுமதி இல்லை) அல்லது 404 (பக்கம் இல்லை) என்ற பதில் வருவதை உறுதி செய்துகொள்கிறேன். பிழைச் செய்திகளைத் திரையில் காட்டாமல் பதிவுக் கோப்புக்கு அனுப்புவதும் அவசியம். அவற்றிலும் கோப்புப் பாதைகள் வெளிப்படும்.

நிரலைப் பூட்டித் தரும் கட்டண மென்பொருளை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிரலை விற்பவருக்கு அது பயன்படலாம். பிஎச்பி பதிப்பு மாறும்போது மீண்டும் பூட்ட நேரும் சிரமம் எங்களைப் போன்றவர்களுக்கு வீண். பொதுக் கோப்புறைக்கு மேலே இடம் தராத மலிவுத் திட்டத்தில் இருப்பவர்கள், அப்பாச்சியின் அமைப்புக் கோப்பான ‘டாட் எச்டிஆக்சஸ்’ (.htaccess) கோப்பில் அணுகலை மறுத்து எழுதலாம். ஆனால் அப்பாச்சிக்கு மாற்றான என்ஜின்எக்ஸ் சர்வர் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை என்பதால், தங்களுக்குக் கிடைத்திருப்பது எந்தச் சர்வர் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.