தூரம் பாதி, டார்கெட் பாதி: இரண்டு வருடம் வீட்டு ரேழியில் ஏர் பிஸ்டல்

எங்கள் மாம்பலம் வீடு பழைய மாடல். வாசல் கதவிலிருந்து கொல்லைக் கதவு வரை ஒரே நேர் ரேழி. செருப்பு ஸ்டாண்டை நகர்த்திவிட்டு டேப் பிடித்தால், நிற்கும் கோட்டிலிருந்து டார்கெட் வரை சரியாக 5 மீட்டர். போட்டித் தூரமான 10 மீட்டருக்கு ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குத்தான் போக வேண்டும். அதனால் இரண்டு வருடமாக வாரத்தில் நாலு நாள், பால்காரர் வந்து போனதும் கதவைத் தாழ் போட்டுவிட்டு இங்கேதான் பயிற்சி. டார்கெட் எல்லாம் நானே பிரின்ட் எடுத்தவை.

முதல் ஆறு மாதம் நான் செய்தது ரொம்ப சுலபமான வேலை: ரேஞ்ச் டார்கெட்டை ஜெராக்ஸ் கடையில் 50 சதவீதத்துக்குக் குறைத்து வாங்கினேன். தூரம் பாதி, படமும் பாதி, கணக்கு சரிதானே? வீட்டில் 60 குண்டுக்கு 545 வரும். ரேஞ்சில் 528, 530-ஐத் தாண்டாது. பதற்றம், வெளிச்சம், முதல் நாள் சரியாகத் தூங்காதது என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

உண்மையான காரணம் பெல்லட், அதாவது நாங்கள் சுடும் சின்ன ஈயக் குண்டு. படத்தைப் பாதியாக்கலாம், பெல்லட்டைப் பாதியாக்க முடியுமா? அது எந்தத் தூரத்திலும் 4.5 மி.மீ.தான். ஓட்டையின் ஓரம் கோட்டைத் தொட்டாலே உள் ரிங்கின் மார்க் என்பது விதி. 10 மீட்டர் பிஸ்டல் டார்கெட்டில் பத்தாம் ரிங்கின், அதாவது பத்து மார்க் தரும் நடு வட்டத்தின், விட்டம் 11.5 மி.மீ. பெல்லட்டின் 4.5-ஐயும் கூட்டினால் 16. அதாவது குண்டின் நடுப்புள்ளி 16 மி.மீ. வட்டத்துக்குள் இருந்தால் பத்து. 5 மீட்டரில் அந்த வட்டம் 8 மி.மீ. ஆக வேண்டும். என் ஜெராக்ஸில் பத்தாம் ரிங் 5.75; பெல்லட்டைச் சேர்த்தால் 10.25. எல்லா ரிங்கிலும் இதே சலுகை. குண்டுக்குக் கால் மார்க் சும்மா கிடைத்துக்கொண்டிருந்தது. அறுபது குண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள், என் பதினைந்து மார்க் வந்துவிடும்.

இப்போது நான் போடும் கணக்கு இதுதான்: ரிங் விட்டத்தோடு 4.5-ஐக் கூட்டி, தூர விகிதத்தால் (5 மீட்டருக்கு 0.5) பெருக்கி, வந்ததில் 4.5-ஐக் கழிக்க வேண்டும். 5 மீட்டருக்குப் பத்தாம் ரிங் 3.5, ஒன்பது 11.5, எட்டு 19.5, ஏழு 27.5 மி.மீ. 7 மீட்டர் கிடைக்கிறவர்களுக்குப் பத்து 6.7, ஒன்பது 17.9. நடுவிலுள்ள கறுப்பு வட்டத்துக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. அது கண்ணுக்கானது, ஓட்டைக்கு அல்ல. அதனால் ரேஞ்ச் டார்கெட்டின் கறுப்பு 59.5-ன் நேர் பாதி, 29.75. ஏழாம் ரிங்கைவிடக் கறுப்பு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க அச்சுப்பிழை மாதிரி இருந்தாலும் அதுதான் சரி.

மாற்றிய முதல் வாரம் வீட்டில் 526. மனசு விட்டுப்போனது. ஆனால் அதற்கப்புறம் வீட்டு மார்க்கும் ரேஞ்ச் மார்க்கும் நாலைந்துக்கு மேல் விலகியதில்லை.

அக்கா மகள் ரைஃபிள் சுடுகிறாள். ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் நம்ம கடலூரில் பிறந்தவர் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குப் பிஸ்டல் எல்லாம் கண்ணிலேயே படாது. அவளுக்கும் 5 மீட்டர் டார்கெட் போட்டுக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "மாமா, இதில பத்து எங்கே?" என்றாள். ரைஃபிள் டார்கெட்டில் பத்து என்பது 0.5 மி.மீ. புள்ளி. அதே கணக்கைப் போட்டால் மைனஸ் 2 வருகிறது! 9 மீட்டருக்குக் கீழே போனாலே அந்தப் புள்ளி காணாமல் போய்விடும். 5 மீட்டரில் 0.5 மி.மீ. புள்ளி ஒன்பதாம் ரிங்காகிவிடுகிறது. கடைசியில் பத்துக்கு மட்டும் விதியைத் திருப்பிப் போட்டோம்: 7 மி.மீ. வட்டம் ஒன்று வரைந்து, ஓட்டை முழுசும் அதற்குள் அடங்கினால் பத்து.

பிரின்ட் எடுக்கும்போது கவனம். ஒரு கடையில் "சார், பேப்பருக்கு ஃபிட் பண்ணிடறேன்" என்று அந்தத் தம்பி நல்ல மனசோடு ஒரு தட்டு தட்டினார். ஐம்பது ஷீட், எல்லாவற்றிலும் கறுப்பு 28 மி.மீ.தான். பணம் கொடுத்த பிறகுதான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். இப்போது ஒவ்வொரு ஷீட்டின் ஓரத்திலும் 100 மி.மீ. கோடு ஒன்று வரைந்து வைத்திருக்கிறேன். முதல் பிரின்டில் அதை அளந்த பிறகுதான் மற்றது.

சாதாரண 75 ஜிஎஸ்எம் பேப்பர் கிழிகிறது, ஓட்டை நட்சத்திரம் மாதிரி விரிகிறது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தடிமனான மேட் அட்டை வாங்கி வெட்டிக்கொள்கிறேன். தட்டைத் தலை பெல்லட் என்றால் பஞ்சிங் மெஷினில் குத்தியது போல ஓட்டை. ஐப்பசி மழையில் அந்த அட்டையும் நமுத்த அப்பளம்தான். டப்பாவில் சிலிகா ஜெல் பாக்கெட்டோடு போட்டு வைக்கிறேன்.

உயரத்தையும் விடக் கூடாது. ரேஞ்சில் டார்கெட்டின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டர். என் கண் உயரம் 1.6. கை அதே சாய்வில் இருக்க வேண்டுமானால் 5 மீட்டரில் 1.5-ல் மாட்ட வேண்டும். குறி பார்க்கும் சைட்டும் இரண்டு தூரத்துக்கும் ஒன்றாக இருக்காது. அதன் திருகை எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பின்னால் மரப்பெட்டி, அதில் இறுக்கி அடுக்கிய பழைய வாரப் பத்திரிகைகள், அதற்கும் பின்னால் இரும்புத் தகடு. வெறும் தகட்டை மட்டும் வைத்தால் இந்தத் தூரத்தில் ஈயம் முகத்துக்கே திரும்பி வரும். கண்ணாடி போடாமல் யாரும் ரேழியில் நிற்கக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் காபி.

ஒரு குறை மட்டும் எந்தக் கணக்குக்கும் அடங்கவில்லை. 5 மீட்டரில் கறுப்பு வட்டம் ரொம்பத் தெளிவாகத் தெரிகிறது. கண், துப்பாக்கி நுனியிலுள்ள முன்சைட்டை விட்டுவிட்டு அங்கே ஓடுகிறது. ட்ரிகருக்கும் கை நிலைக்கும் ரேழி போதும், கண்ணுக்குப் போதாது. அதனால் வாரத்தில் ஒரு நாள் டார்கெட்டைக் கழற்றிவிட்டு வெறும் வெள்ளை அட்டையில் சுடுகிறேன். அன்றைக்கு மார்க் எழுதுவதில்லை.