பழைய மாமல்லபுரம் சாலையின் வளைந்த கண்ணாடிக் கோபுரம்: காலையில் ஒரு கட்டடம், பிற்பகலில் வேறொன்று

சோழிங்கநல்லூர் சந்திப்புக்கு வடக்கே, பழைய மாமல்லபுரம் சாலையின் கிழக்கு ஓரத்தில் எழுந்திருக்கும் புதிய அலுவலகக் கோபுரத்தைப் பற்றி அந்தப் பகுதியில் கருத்துச் சொல்லாதவர் இல்லை. முப்பது மாடிகளைத் தாண்டிய உயரம். சாலையைப் பார்த்த முகம் முழுவதும் கண்ணாடி. அந்த முகமும் நேராக இல்லாமல் நடுவில் சற்று உள்வாங்கி வளைந்திருக்கிறது. ஷேர் ஆட்டோக்காரர்கள் அதற்கு ‘வளைஞ்ச பில்டிங்’ என்று பெயர் வைத்து, அதையே இறங்குமிடமாகவும் ஆக்கிவிட்டார்கள். எங்கள் நிறுவனத்துக்கு அங்கே வாடகைக்கு இடம் பார்க்கும் பொறுப்பு என்னிடம் இருந்ததால், வெவ்வேறு வேளைகளில் போய், உள்ளும் புறமும் பார்க்கவும், அக்கம்பக்கத்தாரிடம் பேசவும் வாய்ப்புக் கிடைத்தது. கட்டடத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்; அந்தச் சாலையில் போய்வருகிறவர்களுக்கு எது என்று சொல்லாமலே தெரியும்.

அழகு என்பவர்களும் அவலட்சணம் என்பவர்களும் ஏறக்குறையச் சரிபாதியாக இருக்கிறார்கள். வயதோ படிப்போ ரசனையோ இந்தப் பிரிவுக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. யார் எந்த நேரத்தில் அந்த வழியாகப் போகிறார்கள் என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. சாலை வடக்கு தெற்காகப் போகிறது; கோபுரம் அதன் கிழக்கே நிற்கிறது. ஆகையால் காலை ஒன்பது மணிக்குக் கட்டடத்தின் நிழல் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தம் வரை படர்கிறது. அங்கே அலுவலகப் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்கள் மூவர், நிழல் கொடுக்கும் கட்டடம் என்று அதை மனதாரப் பாராட்டினார்கள். அதே நிறுத்தத்தில் பிற்பகல் மூன்றரை மணிக்கு நின்று பாருங்கள். மேற்கே இறங்கத் தொடங்கிய வெயில் ஒருபுறம் முதுகில் அடிக்க, அந்த வெயிலையே வாங்கித் திருப்பியனுப்பும் கண்ணாடி மறுபுறம் முகத்தில் அடிக்கிறது.

இதை அருகிலிருந்து பார்த்ததால் விவரமாகச் சொல்கிறேன். கண்ணாடி தெறிக்கும் ஒளி சாலையில் சீராகப் பரவுவதில்லை. முகப்பு உள்வளைந்திருப்பதால் வெளிச்சம் குவிந்து, சில அடி அகலமுள்ள ஒரு பட்டையாகத் தரையில் விழுகிறது. நேரம் ஆக ஆக அந்தப் பட்டை மெல்ல நகர்கிறது. எதிர்ப்பக்கம் இளநீர் விற்பவர் அதற்கு ஏற்றாற்போல் தம் வண்டியைத் தள்ளித் தள்ளி வைக்கிறார். “மூணு மணிக்கு மேல கண்ணு கூசுது சார், குலை மேல கோணி நனைச்சுப் போட்டாலும் அரை மணியில காஞ்சிடுது,” என்றார். நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் இருக்கையில் கை வைத்தேன், உடனே எடுத்துவிட்டேன்.

இது உலகம் அறியாத சிக்கலும் அல்ல. லண்டனில் ரஃபேல் வினோலி வடிவமைத்த, ‘வாக்கி டாக்கி’ என்று மக்கள் பெயர் வைத்த 20 ஃபென்சர்ச் தெருக் கட்டடம், 2013இல் தன் உள்வளைந்த கண்ணாடி முகப்பால் வெயிலைக் குவித்து, தெருவில் நின்ற காரின் பாகங்களையே உருக்கியது. பிறகு முகப்பின் குறுக்கே வெயில் மறைப்புகள் பொருத்தித்தான் அதைச் சரிசெய்தார்கள். லண்டன் வெயிலே அப்படிச் செய்யுமானால், மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் சென்னையில், அதுவும் மேற்கு பார்த்த முகப்பில், அதே வளைவை வரைந்தவரின் மேசையில் அந்த அனுபவம் ஒரு வரியாகவேனும் இருந்திருக்க வேண்டும். வெயிலைத் திருப்பியனுப்பும் கண்ணாடி உள்ளே குளிர்சாதனச் செலவைக் குறைக்கும் என்பது உண்மை. அப்படி மிச்சமாகும் வெப்பத்தைத் தெருவில் நிற்பவர் சுமக்கிறார் என்பதும் அதே அளவு உண்மை.

கட்டடத்தை ஆதரிப்பவர்கள் தவறாமல் எடுக்கும் எடுத்துக்காட்டு அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடம். 1959இல் 177 அடி உயரத்தில் அது திறக்கப்பட்டபோது நாட்டிலேயே உயரமான கட்டடம் அதுதான். சுண்ணாம்பும் செங்கலுமாக இருந்த ஊரில் கான்கிரீட் தூண்களின் காலத்தைத் தொடங்கிவைத்ததும் அதுவே. புதியது எதுவும் முதலில் உறுத்தும், பிறகு ஊரின் அடையாளமாகிவிடும் என்பது இவர்கள் வாதம். இதில் நியாயம் இருக்கிறது. பட்டணம் பார்க்க வந்தவர்கள் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போன அந்தக் கட்டடத்தின் பெயரில் இன்று மெட்ரோ நிலையமே இருக்கிறது. ஆனால் இந்தக் கோபுரத்தின் மீதுள்ள குறை அதன் புதுமையைப் பற்றியது அல்ல. கண் பழகிவிடும், வெயில் பழகாது.

நம் ஊருக்கு இதற்கான விடை எப்போதோ தெரியும். பாரிமுனைப் பக்கம் 1930களிலும் 40களிலும் கட்டப்பட்ட கட்டடங்களில் சன்னல் வரிசைக்கு மேலே, மூலை திரும்பியும் விடாமல் ஓடும் சன்ஷேடுகளைப் பாருங்கள். சுவரில் நிழல் விழ வைக்கும் அந்த எளிய பட்டைதான் அவற்றின் அழகும்கூட. இங்கே கீழ்ப் பத்து மாடிகளுக்காவது கிடைமட்டமாக உலோகத் தகடுகளை முன்னே நீட்டிப் பொருத்தலாம். வளைவும் கெடாது, தெருவும் பிழைக்கும்.

மேற்கே உள்ள குடியிருப்புகளில் வேறொரு புகார்: கடற்காற்று நின்றுவிட்டதாம். கோபுரம் ஒன்றால் மட்டும் அது நேர்ந்திருக்காது என்றே நினைக்கிறேன். சாலை நெடுக எழுந்துவிட்ட கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு.

அடித்தளத்தைப் பற்றிய புகாரோ முற்றிலும் நியாயமானது. மழைவெள்ளத்துக்குப் பயந்து தரைத்தளத்தைச் சாலையிலிருந்து இடுப்பளவு உயர்த்தியிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னை பட்ட பாட்டை நினைத்தால் அந்த அச்சத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உயர்த்திய தளத்தின் விளிம்பு ஒரு வெற்றுக் கருங்கல் சுவராக நடைபாதையை ஒட்டியே ஓடுகிறது. ஒரு படிக்கட்டு இல்லை, உட்காரத் திண்டு இல்லை, ஒரு கடை வாசல் இல்லை, மரமும் இல்லை. கார்களுக்கு அகலமான இரண்டு வழிகள்; நடந்து வருகிறவர் அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு, கார்கள் ஏறும் சரிவிலேயே, செக்யூரிட்டி கையசைக்கும்வரை நின்று உள்ளே போக வேண்டியிருக்கிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை அமையும் மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம் இந்தச் சாலையின் மேலேதான் உயர்த்தப்பட்ட பாதையாக வருகிறது. அதிலிருந்து நடைமேம்பாலம் வந்து சேர்வதற்கு முகப்பில் ஓர் இடம்கூட விடப்படவில்லை என்பதுதான் என் பார்வையில் இந்த வடிவமைப்பின் ஆகப் பெரிய பிழை. தகடுகளைப் பிறகு பொருத்திவிடலாம். பாலத்துக்கான வாசலைப் பிறகு திறப்பது எளிதல்ல.

உள்ளே நிலைமை வேறு. அதை மனம் திறந்து பாராட்ட வேண்டும். மூன்று மாடி உயர முன்கூடத்தில் குரல் எதிரொலிப்பதில்லை. போகவேண்டிய மாடியை வெளியிலேயே அழுத்தினால் எந்த லிப்டில் ஏறுவது என்று திரை சொல்லும் ஏற்பாடு. முதல்முறை வருகிறவர்கள் தடுமாறினாலும், பக்கத்தில் நிற்கும் பணியாளர் பொறுமையாக விளக்குகிறார். கழிப்பறைகள் எல்லா வேளையும் சுத்தமாக இருந்தன. ஃபுட் கோர்ட்டின் கிழக்கு மொட்டைமாடிதான் கட்டடத்திலேயே சிறந்த இடம்: பக்கிங்காம் கால்வாய், அதற்கப்பால் கிழக்குக் கடற்கரைச் சாலையின் தென்னைகள், அதையும் தாண்டிக் கடல். பிற்பகலில் கட்டடத்தின் சொந்த நிழலே அங்கே விழுவதால், எதிர்ப்பக்க நிறுத்தம் கொதிக்கும் அதே நேரத்தில் இங்கே காற்று வாங்கிக்கொண்டு காபி குடிக்கலாம். லண்டன் கட்டடத்தின் உச்சித் தோட்டத்துக்கு முன்பதிவு செய்த எவரும் இலவசமாகப் போகலாம். இங்கே மொட்டைமாடிக்கு அலுவலக அடையாள அட்டையோ, அட்டை வைத்திருப்பவரின் துணையோ வேண்டும். இத்தனை பெரிய உருவத்தைத் தினமும் பார்த்தே ஆகவேண்டிய அக்கம்பக்கத்தாருக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையிலாவது அந்த இடத்தைத் திறந்துவிட்டால், கட்டடத்தைப் பற்றிய பேச்சே மாறும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

மதிப்பெண் கேட்டால், உள்ளமைப்புக்கு ஐந்துக்கு நான்கு, தெருவைப் பார்த்த முகத்துக்கு ஐந்துக்கு ஒன்றரை கொடுப்பேன். நாங்கள் இடம் எடுக்கவில்லை. எங்கள் ஊழியர்களில் பாதிப்பேர் பேருந்தில் வருகிறவர்கள். இடம் பார்க்கப் போகிறவர்கள் கிழக்குப் பக்க மாடிகளைக் கேட்டு வாங்குங்கள். காலையில் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காமல், ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு மேல் பேருந்தில் போய் இறங்கி, வாசல்வரை நடந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள்.