நீளத் தொட்டியா, உயரத் தொட்டியா?

60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட கண்ணாடி மீன் தொட்டி 54 லிட்டர் நீர் கொள்ளும். அதே அளவுகளை நிமிர்த்தி 60 செ.மீ. உயரமாக அமைத்தாலும் கொள்ளளவு மாறாது. ஆனால் காற்றைத் தொடும் நீர்ப்பரப்பு 1,800 சதுர செ.மீ.யிலிருந்து 900 ஆகக் குறைகிறது. ஆக்சிஜன் கரைவதும் கரியமில வாயு வெளியேறுவதும் அந்தப் பரப்பின் வழியாகவே என்பதால், சேலத்தின் சித்திரை வெயிலில் இந்த வேறுபாடு மீன்களின் உயிரையே தொடுகிறது. 20 பாகை செல்சியசில் லிட்டருக்குச் சுமார் 9 மி.கி. ஆக்சிஜனைத் தாங்கும் நீர், 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மி.கி. மட்டுமே தாங்கும். (ஏற்காட்டின் குளிர்ச்சியும் இதில் முழு ஆதாயம் தராது, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது.)

கூடத்தின் மூலையில் நிற்கும் உயரத் தொட்டி கண்ணுக்கு நேராக அமைந்து அழகு தருவது உண்மையே. நெடிய துடுப்புடைய ஏஞ்சல் மீனுக்கு அந்த ஆழம் பொருந்தும். ஆனால் கூட்டமாக விரைந்து நீந்தும் ஜீப்ரா டேனியோவுக்கு 30 செ.மீ. தூரம் போதாது, மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் பைட்டர் மீனும் அங்கே எளிதில் களைத்துப்போகும். நீளத் தொட்டியையே நான் பரிந்துரைப்பேன். உயரமே வேண்டுமென்பவர் மீன்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, காற்று மோட்டாரை இரவிலும் ஓடவிட வேண்டும்.