சேலம் வெயிலுக்கு ஏர் கூலர் தாங்குமா?

மூன்று கோடை ஓட்டிப் பார்த்தாகிவிட்டது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: சேலத்துக்கு ஏர் கூலர் சரிப்படும், ஆனால் வருஷம் முழுக்க இல்லை. மார்ச், ஏப்ரலில் நம்மூர் வெயில் 40 டிகிரியைத் தொட்டாலும் காற்று உலர்ந்து கிடப்பதால், நனைந்த அட்டையில் தண்ணீர் சட்டென ஆவியாகி அறை நிஜமாகவே குளிர்கிறது. சென்னையில் இருக்கும் தம்பி இதே மாடலை வாங்கி, கடற்கரைப் புழுக்கத்தில் வேலைக்கு ஆகாமல் மூலையில் போட்டுவிட்டான். மே மாதம் இடி மழை பெய்த ராத்திரிகளில் நமக்கும் அதே கதைதான். அப்புறம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, ஊரில் மழை அதிகம் பெய்யும் மாதங்களில், கூலர் போட்டால் பாயே பிசுபிசுக்கும், வெறும் ஃபேன் போதும்.

போர் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். என் கூலரின் தேன்கூட்டு அட்டை ஒரே சீசனில் உப்புப் படிந்து வெளுத்து, விரலால் தட்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. இப்போது மேட்டூர் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்து ஊற்றுகிறேன். சத்தம்? பழகிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் ஈரக்காற்று வெளியேறும், கடையில் இதை யாரும் சொல்லவில்லை. ஏற்காட்டுக்காரர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், 1,500 மீட்டர் உயரத்தில் கம்பளிக்குத்தான் வேலை.