ஆல்டர்னேட்டருக்கு போல்ட் ஃபியூஸ்: மிடி, மெகா இரண்டும் எப்படி?

எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது ஆல்டர்னேட்டர். அதன் ஃபியூஸ் போனால் வண்டி உடனே நிற்காது. பேட்டரி விளக்கு எரியும், பேட்டரியில் இருக்கும் சார்ஜில் கொஞ்ச தூரம் ஓடும், பிறகுதான் படுக்கும். இந்த இடத்தில் பல கார்களில் வருவது நட் போட்டு முடுக்கும் தட்டை ஃபியூஸ். சிறியது மிடி, பெரியது மெகா. மிடியில் இரண்டு துளைகளுக்கும் நடுவே 30 மி.மீ., ஸ்டட் (நட் ஏறும் மரைக்கம்பி) எம்5. மெகாவில் சுமார் 51 மி.மீ., ஸ்டட் எம்8. ஆம்ப் ஒன்றாக இருந்தாலும் ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது உட்காராது. வாங்குமுன் பழையதை அளந்துவிடுங்கள்.

இரண்டிலும் நமக்கு மிகவும் பிடித்தது மேலே உள்ள கண்ணாடி போன்ற மூடி. போன ஃபியூஸ் அதில் கதை சொல்லிவிடும். மூடி கரிபிடித்து, உள்ளே உலோகம் தெறித்திருந்தால் நேரடி ஷார்ட். கரியில்லாமல் நடுவில் மட்டும் உருகி விலகியிருந்தால் நெடுநேரம் தாங்கிய ஓவர்லோடு. ஒரு முனையில் மட்டும் பிளாஸ்டிக் பழுத்து உருகியிருந்தால் குற்றம் கரண்டில் இல்லை, லூசான நட்டில். மூடியில்லாத வெறும் பட்டை ஃபியூஸும் விற்கிறார்கள். வேலை செய்யும், ஆனால் உருகும்போது சிதறல் பெட்டிக்குள் தெறிக்கும். அதை வாங்காதீர்கள்.

மலிவான நகல்களைக் கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும். நல்ல ஃபியூஸின் பட்டை துத்தநாகமோ செம்புக் கலவையோதான், காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது இரும்பு. வண்டியில் போடவே கூடாது.

புதியதைப் போடுமுன் பழையது ஏன் போனது என்று பாருங்கள். இந்த ஃபியூஸ் காரணமில்லாமல் போவது அபூர்வம். முதல் சந்தேகம் ஜம்ப் ஸ்டார்ட்டிலோ பேட்டரி மாற்றும்போதோ பாசிட்டிவ், நெகட்டிவ் மாறிப்போனது. அடுத்தது ஆல்டர்னேட்டரின் டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) ஷார்ட். மூன்றாவது, எஞ்சினில் உரசி உறை தேய்ந்த கேபிள்.

எஞ்சினை நிறுத்தி, 10 மி.மீ. ஸ்பானரால் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள். (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றினால் வோல்டேஜ் எகிறி எஞ்சினின் கணினியான ஈசியு வரை பாதிக்கும்.) ஃபியூஸை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் முனைக்கும் (தடித்த கேபிள் மாட்டும் முனை) அதன் உடலுக்கும் இடையே, மீட்டரின் முனைகளை மாற்றி வைத்து இரு திசையிலும் பாருங்கள். ஒரு திசையில் ஒரு வோல்ட்டை ஒட்டி ஏதாவது காட்டி, மறு திசையில் எதுவும் காட்டாவிட்டால் நல்லது. இரு திசையிலும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் டயோடோ கேபிளோ ஷார்ட். அந்த நிலையில் போடும் புது ஃபியூஸும் போய்விடும்.

பொருத்துவதில் தவறு நடப்பது ஒரே இடத்தில்: கேபிளின் லக்கும் (அதன் நுனியில் உள்ள உலோக வளையம்) ஃபியூஸ் தகடும் நேராகத் தொட வேண்டும். நடுவில் வாஷர் போட்டால் கரண்ட் அதன் வழியே போய்ச் சூடாகும். வாஷர் மேலே, நட்டுக்குக் கீழே. துரு, பச்சை படிவு இருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். முறுக்கு மிடிக்கு சுமார் 4.5 நியூட்டன் மீட்டர், மெகாவுக்கு 12. மிடி விஷயத்தில் கவனம் தேவை, எம்5 ஸ்டட் கையின் வேகத்துக்கே பெட்டியோடு சுற்றிக்கொள்ளும்.

ஆம்ப் பழையதில் அச்சிட்டதேதான். ஒரு படி கூட்டினால் ஃபியூஸுக்குப் பதில் கேபிள் எரியும். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றுவதும் அதே கதைதான்.

நெகட்டிவை மாட்டி எஞ்சினை ஓடவிட்டு பேட்டரியில் அளந்தால், பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 12.5க்குக் கீழேயே நின்றால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் அதைச் சுற்றும் பெல்ட்டையும் பாருங்கள்.

சில கார்களில் இந்த ஃபியூஸ் தனியாக வராது, பேட்டரி டெர்மினலோடு சேர்ந்த ஒரே கட்டையாக இருக்கும். அதற்கு மிடியும் மெகாவும் உதவாது, அந்தக் கட்டையையே மாற்ற வேண்டும். மற்ற எல்லோருக்கும் மூடியுள்ள மிடி அல்லது மெகாவை தயங்காமல் சொல்வோம்.