போயிலையை விட்டாச்சு, பாக்கு?

மட்டக்களப்பில் கல்யாண வீடோ செத்த வீடோ, வந்தவருக்கு முன்னால் முதலில் வந்து நிற்பது வட்டா என்ற வெற்றிலைத் தட்டுத்தான். களுதாவளை வெற்றிலை, பக்கத்தில் சுண்ணாம்பு, சீவிய பாக்கு, ஓரமாகக் கிள்ளி வைத்த புகையிலை. இதில் நரம்பைப் பிடிக்கிற சரக்கு முக்கியமாக இரண்டு. பாக்கில் அரெகோலின், புகையிலையில் நிகோடின். இரண்டும் தாவரங்கள் தமக்குள் செய்து வைத்திருக்கும் அல்கலாய்டுகள்.

என் பெரியம்மா போன மாதம் வாய் எரிவுக்கு மருந்து கேட்டு வந்தார். களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு மருந்துக் கடையில்தான் எனக்கு வேலை. "போயிலைய விட்டு மூணு வருசம் மனே. இப்ப வெறும் பாக்குத்தான். அது என்ன செய்யப்போகுது?" என்றார். இந்தக் கேள்வியைப் படுவான்கரையில் இருந்து வருகிறவர்களும் கேட்கிறார்கள், கல்முனை, அக்கரைப்பற்றில் இருந்து வருகிறவர்களும் கேட்கிறார்கள். புகையிலை கெட்டது, பாக்கு பரவாயில்லை என்ற கணக்கு எல்லார் மனதிலும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு நிற்காது.

நம் நரம்புகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் பொருட்களில் ஒன்று அசிட்டைல்கோலின். அது போய்த் திறக்கும் கதவுகள் இரண்டு வகை. ஒரு வகையை ஒரு காளானில் உள்ள மஸ்கரின் என்ற நஞ்சும் திறக்கும், மற்றதை நிகோடின் திறக்கும். அதனால் மஸ்கரினிக், நிகோடினிக் என்றே அவற்றுக்குப் பெயர். 1914இல் ஹென்றி டேல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். புகையிலையின் நிகோடின் இரண்டாவது வகையைத் திறக்கும். பாக்கின் அரெகோலின் பெரும்பாலும் முதல் வகையைத் திறக்கும்.

வித்தியாசம் உடம்பிலேயே தெரியும். பழக்கமில்லாத ஒருவர் பச்சைப் பாக்கை மென்றால் வாயில் நீர் ஊறும், முகம் சூடாகும், வியர்த்துக் கொட்டும், தலை சுற்றும். மார்கழி மழையில் வட்டையில், அதாவது வயல்வெளியில், காவல் இருக்கிறவர்கள் வாடிக் குடிசைக்குள் உட்கார்ந்து பாக்கு மெல்லுவது சும்மா இல்லை. அந்தச் சூடு அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. நிகோடினின் வேலை வேறு மாதிரி. அது அட்ரினலினை அவிழ்த்து விடும், இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும், மூளையில் டோபமினைச் சுரக்க வைத்து "இன்னொரு தடவை" என்று கேட்க வைக்கும். உடம்பில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். கை அடிக்கடி மடியில் உள்ள பொட்டலத்தைத் தேடுவது இதனால்தான்.

ஆனால் அரெகோலின் முதல் வகைக் கதவோடு நிற்பதில்லை. நிகோடினுக்கு ஒருவரை அடிமையாக்குகிற அதே நிகோடினிக் கதவை அதுவும் ஓரளவு திறக்கிறது என்று 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. பெரியம்மா புகையிலையை விட்ட பிறகு பாக்கு ஏன் இரட்டிப்பானது என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது என்றே நினைக்கிறேன். அவர் ஒரு பழக்கத்தை விட்டார், ஆனால் அந்தக் கதவைத் தட்டுவதை விடவில்லை.

சுண்ணாம்பை மறந்துவிடக் கூடாது. ஆட்காட்டி விரல் நுனியில் தொட்டு, வெற்றிலையின் முதுகில் ஒரு இழுப்பு. அவ்வளவுதான், ஆனால் வேலை பெரியது. சுண்ணாம்பால் வாயில் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை கூடினால் இரண்டு அல்கலாய்டுகளும் வாயின் உள்தோலை எளிதாகக் கடக்கும் வடிவத்துக்கு வந்துவிடும். அதோடு, சுண்ணாம்பு அரெகோலினில் ஒரு பகுதியை அரெகைடின் என்ற இன்னொரு பொருளாக மாற்றும். காபா என்ற பொருள் நரம்புகளை அமைதிப்படுத்துவது. அது திரும்ப உறிஞ்சப்படுவதை ஆய்வுகூடத்தில் அரெகைடின் தடுக்கிறது. பாக்கு தரும் நிதானத்துக்கு இதுதான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. அரெகைடின் மூளைக்குள் நுழைவதே கடினம்.

மருந்துக் கடையில் நிற்கிறவனுக்கு இந்த ஒப்பீட்டில் இன்னொரு கவலை. மனநோய்க்கு மருந்து எடுக்கும் சிலருக்குக் கை நடுக்கமும் தசை இறுக்கமும் வரும். அதைக் குறைக்க பென்ஸ்ஹெக்சோல் கொடுப்பார்கள். அந்த மாத்திரை மஸ்கரினிக் கதவை மூடுகிறது. வாய் நிறையப் பாக்கு மெல்லுகிறவர் அதே கதவைத் திறந்துகொண்டே இருக்கிறார். மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, பாக்கு மறுபக்கம் இழுக்கிறது. பாக்கு அதிகம் மென்ற நோயாளிகளுக்கு இந்த இறுக்கம் மோசமானதாக மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. முட்டு எனப்படும் ஆஸ்துமா நோய்க்காரருக்கும் இதே கதைதான். மூச்சுக்குழாயைச் சுருக்குவதும் அந்தக் கதவுதான். மருந்துச் சீட்டை நீட்டும்போது பீடி, சிகரெட் பற்றி யாராவது கேட்பார்கள். பாக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள்.

சரி, கேடு எதில் அதிகம்? புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இலேயே சொல்லிவிட்டது. 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலையே இல்லாத வெற்றிலையையும், தனிப் பாக்கையும் அதே முதல் வரிசையில் வைத்தது. பெரியம்மா புகையிலையை விட்டது நல்ல காரியம். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும் என்பதால் அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுகிற வித்தியாசம் வேறு. புகையிலையில் ஆளைப் பிடித்து வைப்பது நிகோடின். புற்றுநோயைக் கொண்டுவருவது பெரும்பாலும் அதோடு வரும் நைட்ரோசமின் போன்ற கூட்டாளிகள். அதனால் நிகோடினை மட்டும் பிரித்தெடுத்து, தோலில் ஒட்டும் பட்டையாகவும் மெல்லும் கம்மாகவும் கொடுத்து, பழக்கத்தை மெதுவாக இறக்க முடிகிறது. பாக்கில் அந்தப் பிரிவினை இல்லை. ஆளைப் பிடிக்கும் அரெகோலினே வாயின் உள்தோலுக்கு அடியில் நார்த்திசுவை வளரத் தூண்டுகிறது. கன்னம் வெளிறும், தடிப்பான பட்டைகள் ஓடும், உறைப்புப் பட்டால் எரியும், வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். இந்த நிலை புற்றுநோயாக மாறக்கூடியது. பாக்கை நிறுத்தினால் மேலும் மோசமாவது குறையும், ஆனால் ஏற்கெனவே இறுகியது பழையபடி இளகுவதில்லை. இந்த அரெகோலினை எந்தப் பட்டையில் வைத்து யாருக்குக் கொடுப்பது?

விடுவதற்கு உதவி என்று பார்த்தாலும் புகையிலைக்காரருக்கே வழி அதிகம். கம், பட்டை தவிர மாத்திரைகளும் உண்டு. பல்கேரியாவில் 1960களிலேயே சிடிசின் மாத்திரை வந்துவிட்டது. அதுவும் ஒரு தாவர அல்கலாய்டுதான், நிகோடினின் கதவைப் பாதி திறந்தபடி பிடித்துக்கொள்ளும். அதைப் பார்த்துச் செய்த வரெனிக்லினுக்கு 2006இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பாக்கை விடுவதற்கென்று இப்படி நிலைபெற்ற மருந்து ஒன்றும் இல்லை. ஆலோசனையும், வீட்டார் துணையும், வாய்க்கு வேறு வேலை கொடுப்பதும்தான்.

அதனால் என் பக்கம் தெளிவு. இரண்டையும் மெல்லுகிறவர் ஒன்றை விட்டு மற்றதில் இளைப்பாற நினைக்க வேண்டாம். வைத்தியரைக் கேட்டு நிகோடின் பட்டையைப் போட்டுக்கொண்டு, அந்த வாரங்களிலேயே பாக்குவெட்டியையும் கண்ணில் படாமல் எடுத்து வைக்கலாம். கம்மை விடப் பட்டையைச் சொல்வது, மெல்லும் பழக்கமும் கூடவே ஓயட்டும் என்பதற்காக.

பெரியம்மாவிடம் ஆட்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் சேர்த்து நிமிர்த்தி, மேல் கீழ் முன்பற்களுக்கு இடையில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நல்ல வாய்க்கு மூன்றும் நுழையும். அவருக்கு இரண்டு நுழைந்தன, மூன்றாவது பல்லில் முட்டி நின்றது. கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இது போயிலையாலயா, பாக்காலயா மனே?" என்றார். பாக்கு என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மடியில் இருந்த சீவல் பொட்டலத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். வருகிற செவ்வாய்க்கிழமை பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன்.