கிரேட் ஓஷன் ரோடு: சிறிய காரா, கேம்பர் வேனா?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டார்க்கீ முதல் ஆலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோமீட்டர் நீளும் கிரேட் ஓஷன் ரோடு, முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் 1919 முதல் 1932 வரை மலைச்சரிவைக் குடைந்து அமைத்த சாலையாகும். மெல்பர்னில் வாடகை வண்டி எடுத்து இந்தக் கடலோரத்தைச் சில நாள் சுற்றிவர நினைப்பவர்கள், சிறிய கார் எடுத்து இரவில் விடுதியில் தங்குவதா, படுக்கையும் அடுப்பும் கொண்ட கேம்பர் வேனை எடுத்து அதிலேயே தங்கிவிடுவதா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அங்கும் நம்மூர்போல் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும்; ஆங்கிலத்தில் அச்சிட்ட ஓட்டுநர் உரிமம் சுற்றுலாப் பயணிக்குப் போதும்; வழக்கமான கேம்பர் வேனுக்கும் கார் உரிமமே செல்லும். ஆகவே தகுதியில் இரண்டுக்கும் வேறுபாடில்லை.

வேறுபாடு சாலையில் தெரியும். லோர்ன் முதல் அப்பலோ பே வரை ஒருபுறம் பாறை, மறுபுறம் கடல், நடுவில் இரண்டே தடங்கள் என வளைந்துகொண்டே போகும் பகுதியில் சிறிய கார் இலகுவாகத் திரும்பும்; உயரமான வேனோ கடற்காற்றில் அசையும், பின்னால் சேரும் வண்டிகளுக்கு வழிவிட அடிக்கடி ஒதுங்கவும் வேண்டியிருக்கும். எதை எடுத்தாலும் டார்க்கீயிலிருந்து மேற்கு நோக்கிப் போவதே நல்லது. கடல் நம் இடப்பக்கம் இருப்பதால், எதிர்வரும் போக்குவரத்தைக் குறுக்கே கடக்காமல் காட்சிமுனைகளில் நிறுத்தலாம். திரும்பும்போது உள்நாட்டில் கோலாக் வழியாக வரும் பிரின்சஸ் நெடுஞ்சாலை நேரத்தை மிச்சப்படுத்தும்.

வேன் எடுப்பவர்கள் சொல்லும் முதல் காரணம், அறை வாடகை மிச்சம் என்பது. இக்கணக்கு பாதிதான் சரி. இந்தக் கடலோரத்தில் வண்டியை ஓரங்கட்டி இரவில் உறங்குவதற்கு அனுமதி இல்லை. மீறினால் அபராதம் விழலாம். எனவே இத்தகைய வண்டிகள் இரவு தங்குவதற்கான ‘கேரவன் பார்க்’கில் மின் இணைப்புள்ள இடம் ஒன்றைக் காசு கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும்; கிறிஸ்துமஸ், ஜனவரி, ஈஸ்டர் விடுமுறைகளில் அந்த இடங்களும் வெகு முன்னதாகவே நிரம்பிவிடுகின்றன. கூடுதல் எரிபொருளையும் வேனின் உயர்ந்த நாள் வாடகையையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு வேன் மலிவு என்று எனக்குத் தோன்றவில்லை. அடிலெய்டு வரை தொடர்பவர்களுக்கும், சிற்றூர்க் கடைகளில் சைவ உணவு தேடி அலையாமல் மூன்று வேளையும் தாமே சமைத்துக்கொள்ள விரும்பும் குடும்பத்துக்கும் மட்டும் வேனைப் பரிந்துரைப்பேன். சிறு குழந்தைகள் இருந்தால், 7 வயது வரை குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம் என்பதால், அதைப் பொருத்தும் வசதி அந்த வேனில் உண்டா என்று முன்பதிவுக்கு முன்பே கேட்க வேண்டும்.

காப்பீட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வாடகையில் அடிப்படைக் காப்பீடு பொதுவாக அடங்கியிருந்தாலும், சேதம் ஏற்பட்டால் நாம் கட்ட வேண்டிய ‘எக்ஸெஸ்’ தொகை சில ஆயிரம் டாலர் வரை போகும். அதைக் குறைக்க, வாடகை நிறுவன முகப்பில் நாளொன்றுக்கு இவ்வளவு என்று விற்கும் கூடுதல் காப்பீட்டை வாங்கலாம். அல்லது ஊரிலிருந்து புறப்படும் முன்பே தனிக் காப்பீடு எடுக்கலாம். பின்னது பெரும்பாலும் மலிவு, ஆனால் முதலில் நம் அட்டையிலிருந்து பணம் போகும், பிறகு விண்ணப்பித்துத்தான் மீட்க வேண்டும். எதை வாங்கினாலும், காப்பீட்டில் அடங்காதவற்றைச் சொல்லும் விலக்குப் பட்டியலைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது. கூரைச் சேதமும் அடிப்பாகச் சேதமும் அதில் அடிக்கடி இடம்பெறும். தாழ்ந்த கிளைகளும் வண்டி நிறுத்தக் கூரைகளும் வேனுக்குத்தான் கூடுதல் ஆபத்து. தார் போடாத சாலைகளையும் பெரும்பாலான ஒப்பந்தங்கள் தடுக்கின்றன. கேப் ஆட்வே கலங்கரை விளக்கத்துக்குப் போகும் சாலை தார்ச்சாலை. அதிலிருந்து ‘பிளாங்கெட் பே’ கடற்கரைக்குப் பிரிவது சரளைச் சாலை. அந்தத் திருப்பத்தில் ஆசைக்கு இடம் கொடுத்தால் காப்பீடே செல்லாமல் போகலாம்.

மெல்பர்னின் டலமரைன் விமான நிலையத்தில் வண்டி எடுப்பவர்கள், சுங்கம் உள்ள சிட்டிலிங்க் நெடுஞ்சாலையைத் தவிர்த்து, கட்டணமில்லாத எம்80 மேற்கு வட்டச்சாலை வழியாக, டார்க்கீக்குப் போகும் வழியிலுள்ள ஜீலாங் நகரின் பக்கம் போகலாம். சிட்டிலிங்க்கில் காசு கட்டும் சாவடியே கிடையாது. கவனிக்காமல் நுழைந்தால் சுங்கத்தோடு வாடகை நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் பின்னால் வந்து சேரும். நகர மையத்தைத் தவிர்க்க இன்னொரு காரணம், டிராம் ஓடும் சில சந்திப்புகளில் வலப்பக்கம் திரும்ப இடக்கோடித் தடத்தில் காத்திருக்க வேண்டும் என்ற அவ்வூர் விதி. புதிதாக வந்தவரை, அதிலும் வேனில் வந்தவரை, அது திணறடித்துவிடும்.

கையில் ஒரே நாள்தான் என்றால் இரண்டும் வேண்டாம். கடலோரமாக ‘பன்னிரண்டு அப்போஸ்தலர்’ பாறைகள் வரை போக மட்டுமே, நிறுத்தங்களைச் சேர்க்காமல், ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிடிக்கும். மெல்பர்னிலிருந்து விடியலில் கிளம்பும் சுற்றுலாப் பேருந்தில் ஏறிவிட்டால், குடும்பத்தில் வழக்கமாக ஓட்டுநராகிவிடுபவரும் அன்று கடலைப் பார்க்கலாம்.